பிராக்கெட் தொய்ந்தால் ஸ்டீல் கிரேடை ஏற்றினால் போதுமா?

கோணமட்டம்:
"மோட்டாரை மாட்டியதும் அதைத் தாங்கும் பிராக்கெட் தொய்கிறதா? இன்னும் உறுதியான ஸ்டீலுக்கு மாறுங்கள், தொய்வு நின்றுவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நன்றி வேறு குவிகிறது. எரிச்சலாக இருக்கிறது. மைல்டு ஸ்டீலின் யீல்டு, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவு (பரப்பளவுக்கு இவ்வளவு என்ற விசை), சுமார் 250 மெகா பாஸ்கல். ஹீட் ட்ரீட்மென்ட் செய்த அலாய் ஸ்டீல் 1000-ஐயும் தாண்டும். ஆனால் பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் மாடுலஸ் இரண்டுக்குமே 200 கிகா பாஸ்கலை ஒட்டித்தான். அதே அளவு, அதே சுமை என்றால் தொய்வும் அதேதான்.

பட்டறைக்காரன்:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். நான் கிரேடை மாற்றினேன், வளைவது நின்றது. கையால் செய்து பார்த்தவனுக்கு அட்டவணையைக் காட்ட வேண்டாம்.

கோணமட்டம்:
நின்றது நிரந்தர வளைவு. பழைய பிராக்கெட் யீல்டைத் தாண்டியதால் மோட்டாரைக் கழற்றிய பிறகும் வளைந்தே கிடந்திருக்கும். புதியது நேராகத் திரும்பிவிடுகிறது. மோட்டார் மேலே இருக்கும்போது டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தீர்களா?

பட்டறைக்காரன்:
நேராக நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. கேஜ் எதற்கு?

கோணமட்டம்:
அரை மில்லிமீட்டர் தொய்வு கண்ணுக்குத் தெரியாது, மோட்டார் ஓட்டும் பெல்ட்டுக்குத் தெரியும். மறுபடியும் கேட்கிறேன், சுமையோடு அளந்தீர்களா?

மெல்லியதகடு:
ஸ்டீலையே கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்? அலுமினியத்துக்குப் போங்கள், எடையாவது குறையும்.

பட்டறைக்காரன்:
வந்துவிட்டார் அலுமினிய வக்கீல். அதன் மாடுலஸ் 70தான். கோணமட்டம் சார் கணக்குப்படியே மூன்று மடங்கு தொய்யுமே!

மெல்லியதகடு:
அதே தடிமனில் செய்தால் தொய்யும். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடியை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது. ஏறத்தாழ 1.44 மடங்கு தடிமன் கொடுத்தால் ஸ்டீலுக்குச் சமமான விறைப்பு வந்துவிடும். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராமுக்குப் பதில் 2.7 என்பதால், அப்போதும் எடை பாதிதான். போன முறை நைலான் கியர் பேச்சிலும் இப்படித்தான் பாதி கணக்கோடு குதித்தீர்கள். அது ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் என்று அன்றே சொன்னேன், கேட்டீர்களா?

பட்டறைக்காரன்:
நைலானை ஏன் இழுக்கிறீர்கள்? அந்த கியர் இன்றும் ஓடுகிறது.

அரிப்பு:
அலுமினியம் என்றால் ஃபெடீக்கைப் பற்றியும் (திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் விடுவது) பேசுங்கள். ஸ்டீலில் ஓர் எல்லைக்குக் கீழே தகைவை வைத்தால், சாதாரணச் சூழலில் விரிசலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. மோட்டார் அதிர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம் பட்டறைக்காரரே, அந்த உயர் கிரேடுக்கு ஜிங்க் பிளேட்டிங் (துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகப் பூச்சு) செய்தீர்களா? அமிலக் குளியலில் ஹைட்ரஜன் உள்ளே போய், சில நாள் கழித்து எச்சரிக்கையே இல்லாமல் உடையும். பிளேட்டிங் முடிந்ததும் 190 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் அடுப்பில் சூடாக்கி அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும்.

பட்டறைக்காரன்:
இப்போது பிளேட்டிங் வேறா? ஒரு பிராக்கெட்டுக்கு எத்தனை பேர் பாடம் எடுப்பீர்கள்?

கோணமட்டம்:
பிளேட்டிங், நைலான் எல்லாம் தனியே பேசுங்கள். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. கிரேடை ஏற்றினால் தொய்வு குறையாது. தடிமனைக் கூட்டுங்கள், ஓரத்தை மடியுங்கள், ரிப் (விறைப்புக்காக வைக்கும் குறுக்குத் தகடு) வையுங்கள், தாங்கும் இடத்தை மோட்டாருக்கு அருகில் கொண்டுவாருங்கள். 3 மில்லிமீட்டர் தகட்டை 4 ஆக்கினாலே விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் போகும். விலை கூடிய ஸ்டீலை வாங்கிவிட்டு அதே தொய்வோடு நிற்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

மெல்லியதகடு:
ரிப் வைப்பதாக இருந்தால் அலுமினியத்திலேயே வைக்கலாமே.

அரிப்பு:
ரிப் முடியும் மூலையில்தான் விரிசல் தொடங்கும். அங்கே ரேடியஸ் கொடுத்து மூலையை வளைவாக்குவீர்களா, அதையும் மறப்பீர்களா?

பட்டறைக்காரன்:
என் பிராக்கெட் நேராக நிற்கிறது. அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

கோணமட்டம்:
மோட்டாரை மாட்டி, கேஜ் வைத்து, வந்த அளவை இங்கே போடுங்கள். பழைய கிரேடுக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று, இரண்டும் ஒரே தடிமனில்.

பட்டறைக்காரன்:
எனக்கு வேலை இருக்கிறது.