வீட்டு விறகுக்குக் குறைந்த செலவில் செயின்சா: எங்கள் அனுபவங்கள்

பட்டுக்கோட்டை பக்கம், தென்னை விவசாயி:

வீட்டு விறகு அறுக்க எந்த மெஷின் வாங்குவது என்று எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகுதான் செயின்சா என்கிற சங்கிலி ரம்பம் இந்தப் பகுதியில் எல்லோருக்கும் பழக்கமான பொருளாயிற்று. சாய்ந்த தென்னைகளை அறுத்து அகற்றினால்தான் தெருவுக்கே வர முடியும் என்ற நிலை. அப்போது கிடைத்ததை வாங்கினார்கள், பெரும்பாலும் 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட இரும்புத் தகடு) போட்ட பெரிய மெஷின்கள். புயல் வேலைக்கு அது பொருந்தியது. வேலிக்கருவையையும் சவுக்கையும் அறுத்து வெந்நீர் அடுப்புக்கும் நெல் அவிக்கவும் அடுக்கி வைக்கிற வீட்டுக்கு அது தேவையே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

எனக்கு வரம்பு 25,000 ரூபாய். மெஷின் மட்டுமல்ல, கூடுதலாக ஒரு செயின், வட்ட அரம், கனமான காலணி, கண்ணாடி, காது மூடி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். கடைக்குப் போவதற்கு முன்பே கொல்லையில் கிடந்த கட்டைகளை டேப் வைத்து அளந்தேன். வேலிக்கருவை பெரும்பாலும் ஆறு அங்குலம், எட்டு அங்குலத் தடிமன். ஒரு பூவரசின் அடிமரம் மட்டும் ஓர் அடியைத் தாண்டியது. 14 அங்குல பார் 12 அங்குலக் கட்டை வரை ஒரே அறுப்பில் முடித்துவிடும். அதைவிடத் தடித்ததை இரண்டு பக்கமிருந்தும் அறுத்துக்கொள்ளலாம். ஆகவே 30 சிசி அளவில் சிறிய பெட்ரோல் மெஷின், 14 அங்குல பார் போதும் என்று முடிவு செய்தேன்.

கடைக்காரர் அதைவிடக் குறைந்த விலையில் 58 சிசி, 22 அங்குலம் என்று அச்சிட்ட பெட்டி ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். பெரிய எண்ணைப் பார்த்தால் மனம் சாயத்தான் செய்யும். ஆனால் பார் நீள நீள, என்ஜின் இழுக்க வேண்டிய செயினும் நீளுகிறது. ஆயில் கூடுதலாகச் செலவாகும். முனை கனத்து முன்பக்கம் தொங்கும். தீட்ட வேண்டிய பற்களும் அதிகம். எட்டு அங்குலக் கட்டையை அறுக்கும்போது அந்தப் பாரில் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு வேறு எதையாவது தொடக் காத்திருக்கும். அந்த முனைதான் ஆளை அடிப்பது.

கடையில் நான் பார்த்தவை இவை. மெஷின் சூடு ஏறாமல் இருக்கும்போது நானே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். அவர்கள் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் எந்த மெஷினும் ஒரே இழுப்பில் ஓடும். கைக்கு முன்னால் இருக்கும் காப்பை முன்னோக்கித் தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்கிறதா என்று பார்த்தேன். பிறகு ஓர் அட்டையை விரித்து அதற்கு மேல் பார் முனையைப் பிடித்து முடுக்கச் சொன்னேன். அட்டையில் மெல்லிய ஆயில் கோடு விழுந்தது. கோடு விழாத மெஷினில் பாருக்கு ஆயில் போகவில்லை என்று பொருள். ஒரு வாரத்தில் பார் நீலம் பாய்ந்து கெட்டுவிடும். கடைசியாக, கார்புரேட்டர் டயாபிரம், ஸ்டார்ட்டர் கயிறு, கிளட்ச் டிரம் மூன்றும் கையிருப்பில் உண்டா, எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். எடுத்துக் காட்டினார்கள். அதன் பிறகுதான் பணம் கொடுத்தேன்.

வேலிக்கருவையைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிடுவது நல்லது. காய்ந்தால் இரும்பாகிவிடும், செயின் சீக்கிரம் மழுங்கும். அடுப்பு நீளத்துக்கு அறுத்து, தடித்ததைக் கோடாரியால் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டைகளின் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டால் காற்றிலேயே காயும். தென்னை அடிமரம் வேறு மாதிரி. வெளிப்புறம் கடினம், உள்ளே நார். அந்த நார் ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பற்சக்கரம்) மூடிக்குள் சுற்றிக்கொள்ளும். நடுநடுவே மெஷினை அணைத்து, மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மேற்கொண்டு அறுக்க வேண்டும்.

மணப்பாறை, சிறு இயந்திரங்கள் பழுதுபார்ப்பவர்:

பட்டுக்கோட்டை அண்ணன் சொன்ன உதிரிபாகக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும். மெஷின் வாங்குவது ஒரு நாள், அதை ஓட்டுவது பல வருடம். ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்ற நிறுவனங்களின் மெஷினுக்கு ஒரு சிறு ஸ்க்ரூ வரை எண் சொல்லி வரவழைக்க முடிகிறது. பெயர் தெரியாத மெஷினில் பிரச்சினை வேறு. உருவம் ஒன்றாக இருக்கும், உள்ளே அளவு மாறும். சிலிண்டர் பொருந்தும், கார்புரேட்டர் பொருந்தாது. அதற்காக மலிவு மெஷின் எல்லாமே வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஒழுங்காக ஆயில் கலந்து, செயினைத் தீட்டி ஓட்டுகிறவர்களிடம் அவை பல வருடம் ஓடுவதையும் பார்க்கிறேன்.

‘மெஷினில் இழுவை இல்லை’ என்று கொண்டுவந்தால் நான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதற்கு முன் செயினைத்தான் பார்ப்பேன். வெயிலில் திருப்பிப் பிடித்தால், மழுங்கிய பல்லின் விளிம்பில் வெள்ளைக் கோடாக ஒளி தெறிக்கும். கூரான விளிம்பில் ஒளி நிற்காது. அறுக்கும்போது விழுவதைப் பார்த்தாலும் தெரியும். கூரான செயின் சிறு சிறு சீவல்களாகத் தள்ளும். மழுங்கியது மாவாக உதிர்க்கும், கட்டையில் புகை வரும், ஓட்டுகிறவர் மேலிருந்து அழுத்துவார். அழுத்தம் கொடுத்து அறுத்தால் கிளட்ச் சூடாகும், பார் தேயும். நூறு, நூற்றைம்பது ரூபாய் அரத்தால் தீரும் விஷயத்துக்கு என்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார்கள்.

அரம் வாங்கும்போது அளவு முக்கியம். சிறிய மெஷின்களில் பெரும்பாலும் வரும் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு (3/8 என்பது கண்ணிகளின் இடைவெளியை அங்குலத்தில் குறிக்கும் எண்) 4 மில்லிமீட்டர் வட்ட அரம். 0.325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர். எந்தச் செயின் என்பது பாரின் அடியில் பொறித்திருக்கும். உள்ளிருந்து வெளிப்பக்கமாக, ஒரே சாய்வில், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளித் தீட்ட வேண்டும். ஒரு பக்கப் பற்கள் மட்டும் கூராக இருந்தால் அறுப்பு வளைந்து போகும். நாலைந்து முறை தீட்டிய பிறகு, பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேட்டையும் தட்டை அரத்தால் குறைக்க வேண்டும். அது பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்குமேல் தாழ்த்தினால் செயின் கட்டையைக் கடித்துக்கொண்டு மெஷின் துள்ளும்.

அடுத்தது ஆயில். என்னிடம் வரும் பிடித்துப்போன பிஸ்டன்களுக்கு முக்கியக் காரணம், பெட்ரோலில் கலக்கும் 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலைக் கண் அளவாக ஊற்றுவது அல்லது ஊற்றாமலே விடுவது. 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். கூடவே வந்த புத்தகத்தில் 25:1 என்று போட்டிருந்தால் 40 மில்லி. மருந்து அளக்கும் மூடியால் அளந்து, முதலில் கேனில் கலந்து குலுக்கி, பிறகு டேங்கில் ஊற்றுங்கள். செயினுக்கு ஊற்றும் ஆயில் வேறு, என்ஜினுக்குக் கலக்கும் ஆயில் வேறு. டிராக்டரிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலைச் செயினுக்கு ஊற்றுகிறார்கள். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, ஆயில் பம்ப்பை அடைத்துவிடும், அறுக்கும்போது முகத்திலும் தெறிக்கும். பார் ஆயிலுக்குச் செலவு செய்ய மனம் வரவில்லை என்றால் புது என்ஜின் ஆயிலாவது ஊற்றுங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுக்க டேங்கில் எரிபொருளோடு மூலையில் கிடந்த மெஷின் கார்புரேட்டரில் பச்சைப் பிசினோடு வருகிறது. வேலை முடிந்து பல வாரம் எடுக்கமாட்டோம் என்று தெரிந்தால், டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு வையுங்கள்.

கையளவு பேட்டரி மெஷின்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பெட்டியில் 48 என்று போட்டிருக்கும் பல மெஷின்களின் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே ஐந்து செல்கள்தான் இருக்கின்றன. அது 18 வோல்ட், முழுச் சார்ஜில் 21. மிலாறு கழிக்க, முருங்கைக் கிளை வெட்ட அது நல்ல கருவி. விறகு அறுக்க அதை வாங்காதீர்கள்.

பண்ருட்டி, முந்திரி வைத்திருப்பவர்:

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தோள்வலி இருப்பதால் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய முடியாது. 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் முந்திரியையும் பலாவையும் சாய்த்த காலத்திலிருந்து அறுப்பு வேலைக்கு ஆளைத்தான் நம்பியிருந்தேன். இப்போது 16 அங்குல மின்சார மெஷின் வைத்திருக்கிறேன். விலை, நல்ல பெட்ரோல் மெஷினில் பாதிகூட இல்லை. பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது. பெட்ரோல், கார்புரேட்டர் என்ற கவலை கிடையாது. மணப்பாறைத் தம்பி சொன்ன செயின் ஆயிலும் அரமும் இதற்கும் வேண்டும்.

ஆனால் கம்பி எட்டும் இடத்தில்தான் வேலை. என் விறகெல்லாம் வீட்டுக் கொல்லைக்கே வண்டியில் வந்துவிடுகிறது, அதனால் எனக்குக் குறையில்லை. தோப்புக்குள் அறுக்க வேண்டியவர்கள் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2,000 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மின்விசிறிக்கும் டிவிக்கும் இருக்கிற சிறிய பிளக்கில் செருகக்கூடாது. மோட்டார், கீசர் செருகுகிற 16 ஆம்பியர் பிளக்கில்தான் செருக வேண்டும். நீட்டிப்பு ஒயரும் 2.5 சதுர மில்லிமீட்டராவது இருக்கட்டும். கடையில் தரும் மெல்லிய ஒயரை நீளமாக இழுத்தால் வோல்ட்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். ஒயரைச் சுருளாகக் கிடக்க விடாமல் முழுவதும் பிரித்துப் போடுங்கள். மழைத் தூறலில், ஈரத் தரையில் தொடவே வேண்டாம். எங்கள் எலக்ட்ரீஷியன் இதற்காகவே கொல்லைப்பக்கம் தனி பிளக்கும் மின்கசிவுத் தடுப்பானும் வைத்துக் கொடுத்தார். மெஷினைவிட அந்த வேலையால்தான் எனக்கு நிம்மதி.

இன்னொன்று, நான் புடவையில் இந்த வேலைக்கு நிற்பதில்லை. மகனுடைய பழைய கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, தலைமுடியைக் கட்டி உள்ளே செருகிக்கொண்டுதான் மெஷினைத் தொடுவேன். ஆண்களும் லுங்கி, தோளில் துண்டு என்று நிற்காதீர்கள். தொங்கும் துணியைச் செயின் இழுத்துக்கொண்டால் கை, கால் தப்பாது.

கோத்தகிரி, தேயிலைத் தோட்டம்:

மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல். இங்கே மார்கழிக் குளிருக்கு அடுப்பு அணையாமல் எரிய வேண்டும், எனவே மெஷின் உண்மையாகவே தேவை. ஆனால் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் நடைமுறையில் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட பகுதிகளில் சொந்தப் பட்டாவில் நிற்கும் மரமானாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. விழுந்து கிடப்பதையும் தேயிலை வேர்க்கட்டைகளையும் அறுக்கிற அளவுக்கே மெஷினைத் திட்டமிடுங்கள். வேர்க்கட்டையில் மண் ஒட்டியிருக்கும், தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்த பிறகு அறுங்கள். ஒரு பிடி மண் போதும், தீட்டிய செயின் அங்கேயே போய்விடும்.

ராமநாதபுரம்:

எங்கள் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் கருவைதான். கரிமூட்டம் போடுகிறவர்களிடம் மெஷினும் உண்டு, ஆளும் உண்டு. வருடத்துக்கு ஒரு டிராக்டர் விறகு எரிக்கிற வீடாக இருந்தால் மெஷின் வாங்கவே வேண்டாம் என்பேன். நாள் கூலி பேசி ஆளை வரவழைத்தால் காலையில் தொடங்கி மாலைக்குள் அறுத்து அடுக்கிவிட்டுப் போவார். வருடம் முழுக்கச் சும்மா கிடக்கும் மெஷினுக்குக் கொடுக்கும் பணத்தில் பல வருடக் கூலி அடங்கும். தோப்பு, வேலி, வாய்க்கால் கரை என்று மாதாமாதம் வேலை இருப்பவர்கள் வாங்குங்கள்.

பட்டுக்கோட்டை பக்கம், தென்னை விவசாயி:

ராமநாதபுரத்துக்காரர் சொல்வது நியாயம். நான் விறகோடு மட்டை, கிளை கழிப்பது, வேலி எல்லாவற்றுக்கும் எடுப்பதால் எனக்குக் கட்டுப்படியாகிறது. பண்ருட்டி அம்மா உடையைப் பற்றிச் சொன்னதை வாங்குகிறவர்கள் தயவுசெய்து கவனத்தில் கொள்ளுங்கள்.

அறுக்கும்போது செயின் கட்டைக்குள் மாட்டிக்கொள்கிறது என்று சிலர் தனியாகக் கேட்டார்கள். கட்டை இரண்டு முனையிலும் தாங்கி நின்றால் நடுப்பகுதி மேல்பக்கம் நெருங்கும். அதை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை காற்றில் நீட்டியிருந்தால் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. மாட்டிக்கொண்டால் மெஷினை அணைத்துவிட்டு ஆப்பு அடித்து எடுங்கள். ஓடும் மெஷினைப் பிடித்து உலுக்கக்கூடாது. குவியலாகக் கிடக்கிற விறகின் மேலேயே வைத்து அறுக்கவும் கூடாது. பின்னால் மறைந்திருக்கும் கட்டையில் பார் முனையின் மேல்பகுதி பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எழும்பும். நான்கு சவுக்குக் கழிகளைப் பெருக்கல் குறி போல இரண்டு ஜோடியாக ஆணியடித்து, நடுவில் ஒரு கழி இணைத்து, இடுப்பளவில் தாங்கி செய்துவைத்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டையாகத் தூக்கி வைத்துத்தான் அறுப்பேன்.

மணப்பாறைத் தம்பிக்கு ஒரு கேள்வி. புதுச் செயின் சூட்டில் தளர்ந்து தொங்குகிறது. வேலைக்கு நடுவில் இறுக்கினால் அப்படியே விட்டுவிடலாமா?

மணப்பாறை, சிறு இயந்திரங்கள் பழுதுபார்ப்பவர்:

விடக்கூடாது அண்ணா. சூட்டில் இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கும். அப்படியே வைத்தால் பாரையும் கிராங்க் பேரிங்கையும் இழுக்கும். வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்திவிட்டு வையுங்கள். மறுநாள், ஆறியிருக்கும்போது பார் முனையை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செயின் பாரின் அடிப்பக்கத்தை ஒட்டி நிற்கும் வரை இறுக்குங்கள். கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் சுற்றி வர வேண்டும். புதுச் செயினை முதல் சில டேங்குகளுக்கு அடிக்கடி இப்படிச் சரிபார்க்க வேண்டியிருக்கும், அதன் பிறகு நிலைத்துவிடும்.