துணைக்கால் கரைந்த கதை

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில் தலவாக்கலைப் பக்கம். அம்மாயிக்கு ரெண்டு மாசமாகத் தாகமும் அசதியும். டவுன் ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சீனி 212. 126ஐத் தொட்டாலே சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்பார்கள். மாசாமாசம் வரச்சொல்லி ஒரு கார்டு கொடுத்தார்கள். மேலே பேனாவால் 'தொற்றா நோய் கிளினிக்' என்று எழுதியிருந்தது. வரும் வழியில் நல்ல மழை. லயத்துக்கு, அதுதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து பார்த்தால் 'றா'வின் துணைக்கால் மட்டும் கரைந்து நீலத் திட்டாகிவிட்டது. மிஞ்சியது 'தொற்ற நோய்'.

பக்கத்துக் காம்பரா (அறை) அக்கா வாங்கிப் பார்த்தார். "தொற்று நோயா?" அவ்வளவுதான். பின்னேரமானால் அம்மாயி மடியில் வந்து விழுகிற பிள்ளைகள் ஒன்றையும் காணவில்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அம்மாயியின் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் குடம் வைப்பதில்லை. நாலு நாள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு அஞ்சாம் நாள் என்னிடம் கேட்டது: "டம்ளரத் தனியா வச்சுக்கவாடா?"

தொற்றா என்றால் தொற்றாத. பள்ளிக்கூடத்தில் 'ஓடாக் குதிரை' என்று ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் படித்தோமே, அதேதான். சீனி, பிரஷர், இருதய நோய், புற்றுநோய், ஆஸ்மா எல்லாம் இந்தப் பெயருக்குள் வரும். இலக்கணப்படி சரி, ஆனால் 'இல்லை' என்கிற சேதி முழுக்க ஒரு துணைக்காலில் தொங்குகிறது. சிங்களத்தில் 'போ நொவன ரோக'. 'இல்லை' என்பதைச் சொல்கிற 'நொவன' தனிச்சொல்லாக நிற்பதால் மழைக்குத் தப்பிவிடும். (அந்த 'போ'வைக் கேட்டு நர்ஸ் தன்னை விரட்டுவதாக அம்மாயி எழுந்துகொண்டது வேறு கதை.) 'பரவாத நோய்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த மாசம் அந்த அக்காவுக்கே பிரஷர். அதே கிளினிக், அதே கார்டு. இப்போது ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறார்கள்.

ஹப்புத்தளையிலிருந்து ஒருவர்:
எங்களுக்குக் குழப்பம், நோயைச் சொல்கிற 'வருத்தம்' என்ற சொல்லாலேயே வந்தது. தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கோத்தகிரிக்குப் போன பெரியப்பாவின் பேத்திக்கு போன் எடுத்து, "அப்பாவுக்குக் கடும் வருத்தம்" என்றேன். "யார் மேல?" என்று கேட்டது. அங்கே வருத்தம் என்றால் மனவருத்தமாம். ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று சொன்ன பிறகுதான் அழ ஆரம்பித்தது.

பண்டாரவளையிலிருந்து இன்னொருவர்:
எங்கள் லயத்துத் தாத்தா ஒருவருக்குச் சலரோகம் (நீரிழிவுக்கு இன்னொரு பெயர்) என்று பழைய டிஸ்பென்சரி ஐயா எப்போதோ சொல்லியிருக்கிறார். புது டாக்டர் "சீனி வருத்தம்" என்றதும் தாத்தாவுக்குக் கோபம். "எனக்குச் சலரோகம்தான், சீனியெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடிக்கிறார்.