டர்ன்டேபிளில் விடாத ‘ம்ம்ம்’ இரைச்சல், கடைசிப் பாட்டில் ‘ஸ’ சிதறல்: எங்கிருந்து தேடுவது?

மாடிவீடு:
வணக்கம். செட் இதுதான்: பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள், எம்.எம். (காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி மாட்டியிருக்கும் பகுதி. வெளியீடு 4 மில்லிவோல்ட், ஊசி அழுத்தம் 1.8 முதல் 2.2 கிராம் வரை என்று கூட வந்த தாளில் இருக்கிறது. நேராக ஆம்பின் (ஆம்ப்ளிஃபயர்) ஃபோனோ இன்புட்டுக்கு, அதாவது டர்ன்டேபிளுக்கென்றே உள்ள இணைப்புக்குப் போகிறது. ஆம்புக்கு மூன்று பின் பிளக், டர்ன்டேபிளுக்கு இரண்டு பின் அடாப்டர். டி.வி.யின் ஆடியோவும் இதே ஆம்புக்குத்தான் வருகிறது, டி.வி.க்கு கேபிள் செட்டாப் பாக்ஸ்.

ஃபோனோவுக்கு மாற்றியதும் இரைச்சல். ஊசி தட்டில் இறங்கவே வேண்டாம், மோட்டார் ஓடவும் வேண்டாம். வால்யூம் கூட்டினால் அதுவும் கூடுகிறது. போனை இணைத்துக் கேட்டால் சுத்தம். எர்த்து வயரை ஆம்பின் பின்னால் உள்ள ஜி.என்.டி. திருகில் மாட்டியிருக்கிறேன். ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மைத் தொட்டால் வலது ஸ்பீக்கரில் மட்டும் இரைச்சல் ஏறுகிறது.

இன்னொரு விசித்திரம்: சில பெண் குரல் கச்சேரித் தட்டுகளில் தம்புரா அலை அலையாக நடுங்குவது போல இருக்கிறது. ஆண் குரல் தட்டுகளில் அது இல்லை.

இரண்டாவது பிரச்சினை, எல்.பி.யின் கடைசிப் பாட்டு வரும்போது ‘ஸ’, ‘ச’ எல்லாம் ‘ஷ்ஷ்’ என்று சிதறுகிறது. முதல் பாட்டு நன்றாகவே இருக்கிறது.

இரட்டைச்சுருள்:
ஆம்பின் பிளக்கில் எர்த்து பின்னைக் கழற்றி விடுங்கள். ஹம் அப்படியே போய்விடும்.

கம்பிக்காரன்:
மேலே சொன்னதை மட்டும் செய்யாதீர்கள் சார். ஹம் போகலாம், கூடவே பாதுகாப்பும் போகும். ஆம்பின் உள்ளே இன்சுலேஷன் பழுதானால் 230 வோல்ட் உலோகப் பெட்டிக்கு வரும். எர்த்து இருந்தால் கசிவு அதன் வழியே ஓடி கசிவைக் கண்டு மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி. அந்த நொடியே விழும். எர்த்து இல்லையென்றால் நீங்கள் தொடும்போது உங்கள் உடம்பு வழியாகத்தான் ஓடும். டர்ன்டேபிளின் எர்த்து வயரைச் சுவர் பிளக்கின் எர்த்து ஓட்டையில் செருகுவதும் கூடாது. அது இடம் தவறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அது எந்த இரைச்சல் என்று பிரித்துக் கேளுங்கள். அடித்தொண்டையில் ‘ம்ம்ம்’ என்றால் 50 ஹெர்ட்ஸ். கார்ட்ரிட்ஜ் வயர், எர்த்து விட்டுப்போனது, பக்கத்தில் டிரான்ஸ்பார்மர், இந்த வகை. முனை கூராக ‘ர்ர்ர்’ என்றால் 100, 200, 300 என்று அடுக்கடுக்காக வருவது. பெரும்பாலும் எர்த்து வளையம், அதாவது ஒரே எர்த்துக்கு இரண்டு வழி.

ஃபோனோவில் மட்டும் ஏன் என்றால், உங்கள் 4 மில்லிவோல்ட்டை 400 ஆக்க 100 மடங்கு பெருக்கம் வேண்டும், அதாவது 40 டெசிபல். தட்டு வெட்டும்போதே ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு வளைவுப்படி கீழ் சுரங்களைக் குறைத்து வெட்டியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்ய ஃபோனோ ஸ்டேஜ் (ஃபோனோ இன்புட்டின் பெருக்கிப் பகுதி) 50 ஹெர்ட்ஸில் இன்னும் 17 டெசிபல் சேர்க்கிறது. ஆக மொத்தம் ஏறத்தாழ 700 மடங்கு. 10 மைக்ரோவோல்ட் உள்ளே நுழைந்தால் 7 மில்லிவோல்ட்டாக வெளியே வரும். போன் இன்புட்டில் இந்தப் பெருக்கமே கிடையாது, அதனால் அங்கே தெரியாது.

சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஆம்பை அணைத்துவிட்டு, வால்யூமை அடியில் வைத்து மாற்றுங்கள்.

டர்ன்டேபிளின் இரண்டு ஆர்.சி.ஏ. (ஆடியோ) வயர்களையும் எர்த்து வயரையும் ஆம்பிலிருந்து எடுங்கள். இன்புட்டைச் சும்மா திறந்து விட்டுக் கேட்காதீர்கள், திறந்த ஃபோனோ இன்புட் தானாகவே ஹம் அடிக்கும். இரண்டு பழைய ஆர்.சி.ஏ. பிளக்கில் நடுப்பின்னையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துப் பற்றவைத்து, அதை இன்புட்டில் செருகிக் கேளுங்கள். அப்போதும் இரைச்சல் இருந்தால் டர்ன்டேபிள் குற்றவாளி இல்லை. அடுத்து, செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் வயரைத் திருகிக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். முடிவைச் சொல்லுங்கள், அடுத்ததைப் பார்க்கலாம்.

ஐந்துகட்டை:
தம்புரா நடுங்குவதற்கு ஒரு குறிப்பு. சுருதியில் ஐந்து கட்டை என்பது 196 ஹெர்ட்ஸ் பக்கம். பெண் பாடகிகள் நிறையப் பேருக்கு ஐந்து, ஐந்தரைதான் சுருதி. எர்த்து வளைய இரைச்சலில் 200 ஹெர்ட்ஸ் ஒன்று இருக்கும். 196-ம் 200-ம் சேர்ந்தால் வினாடிக்கு நான்கு துடிப்பு. நீங்கள் கேட்கும் அலை அதுதான். இரண்டு கட்டை, இரண்டரை கட்டை ஆண் குரல்களில் ஷட்ஜமும் பஞ்சமமும் 200-க்கு எட்டத்தில் இருப்பதால் துடிப்பு காதில் நிற்காது. ஆக உங்கள் காதே ‘ர்ர்ர்’ வகை என்று சொல்லிவிட்டது. கம்பிக்காரன் சொன்ன கேபிள் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

மாடிவீடு:
செய்தேன். பிளக்கைச் செருகியும் ‘ர்ர்ர்’ இருந்தது. கேபிள் வயரைக் கழற்றியதும் சட்டென்று அமைதி! ஆனால் டர்ன்டேபிளைத் திரும்ப மாட்டினால் வலது பக்கத்தில் மட்டும் மெல்லிய ‘ம்ம்ம்’ மிச்சம் இருக்கிறது. ஆர்மைத் தொட்டால் ஏறுவதும் அப்படியே. கவனித்துக் கேட்டால் வலது பக்கம் பாட்டும் கொஞ்சம் மெலிந்துதான் வருகிறது.

கம்பிக்காரன்:
நல்லது, ஆக இரண்டு தனித்தனிக் கோளாறு. அதனால்தான் ஒன்றைச் சரிசெய்தாலும் ‘இன்னும் இருக்கிறதே’ என்று தோன்றும்.

கேபிளுக்கு: சுவரிலிருந்து வரும் வயருக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் நடுவே ஒரு கேபிள் ஐசொலேட்டர் மாட்டுங்கள். தெருவிலிருந்து வரும் உறையின் எர்த்தை அது பிரித்துவிடும், சிக்னல் மட்டும் போகும். டிஷ் வைத்திருப்பவர்கள் இதை வாங்காதீர்கள். கூரையில் டிஷ்ஷின் முன்னால் உள்ள எல்.என்.பி. என்ற சிக்னல் வாங்கிக்கு அதே வயரில்தான் 13 அல்லது 18 வோல்ட் டி.சி. போகிறது, ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிட்டால் படமே வராது. அவர்கள் டி.வி.க்கும் ஆம்புக்கும் நடுவே ஆப்டிகல் வயர் போடலாம், அல்லது ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைக்கலாம்.

வலது பக்க ‘ம்ம்ம்’ ஹெட்ஷெல்லில், அதாவது ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் தலையில், இருக்கிறது என்றே நினைக்கிறேன். அங்கே நான்கு கம்பிகள்: வெள்ளை இடது, நீலம் இடதின் திரும்பும் வழி, சிவப்பு வலது, பச்சை வலதின் திரும்பும் வழி. உங்கள் சந்தேகப் பேர்வழி பச்சை.

ஊசிப் பகுதியை முதலில் முன்பக்கமாக இழுத்துக் கழற்றி ஒரு டப்பாவில் வையுங்கள். இதைச் செய்யாமல் யாரும் ஹெட்ஷெல்லில் கை வைக்கக் கூடாது. பிறகு ட்வீசரால் கிளிப்பைப் பிடித்துப் பின்னிலிருந்து இழுங்கள். கம்பியைப் பிடித்து இழுத்தால் தலைமுடி போல அறுந்துவிடும். நான்கையும் கழற்றிய பிறகு மீட்டரை ஓமில் வைத்து, ஒவ்வொரு கிளிப்பிலிருந்தும் அதற்குரிய ஆர்.சி.ஏ. முனை வரை பாருங்கள். வெள்ளையும் சிவப்பும் நடுப்பின்னுக்கு, நீலமும் பச்சையும் வெளி வளையத்துக்கு. நான்கும் சில ஓம்களுக்குள் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

மாடிவீடு:
மூன்று கம்பி 1.5 ஓம் சுற்றி. பச்சை 40 காட்டியது, ஹெட்ஷெல்லை லேசாக அசைத்ததும் மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை.

கம்பிக்காரன்:
பிடித்துவிட்டீர்கள். டோன் ஆர்மும் ஹெட்ஷெல்லும் சேரும் இடத்தில் நான்கு குட்டி பின்கள் இருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் அவற்றையும், எதிரே ஹெட்ஷெல்லில் உள்ள நான்கு புள்ளிகளையும் துடையுங்கள். துருவோ கறுப்போ அங்கேதான் படியும். மாட்டும்போது வளையத்தை முழுக்க இறுக்குங்கள். பச்சை கிளிப் தளர்ந்திருந்தால் அதற்குள் பல்குச்சி நுனியைச் செருகிக்கொண்டு வெளியே இடுக்கியால் ஒரு சொட்டு அழுத்துங்கள். கிளிப் கார்ட்ரிட்ஜில் இருக்கும்போது பற்றவைப்பு வேண்டாம், அந்தச் சூடு உள்ளே சுருள் வரை போகும்.

ஊசிமுனை:
இனி ‘ஸ’ சிதறல். ஹெட்ஷெல்லை எப்படியும் கழற்றியிருக்கிறீர்கள், அதே கையோடு இதையும் பார்த்துவிடலாம்.

தட்டு 33⅓ வேகத்தில் ஒரே சீராகச் சுற்றினாலும் ஊசிக்கு அடியில் ஓடும் தடத்தின் நீளம் மாறுகிறது. வெளி ஓரத்தில் வினாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர், கடைசிப் பாட்டில் 21 அளவுக்கு இறங்கிவிடும். அதே ‘ஸ’ அங்கே பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். ஊசி ஒரு துளி கோணலாக இருந்தாலும் முதல் பாட்டு மன்னிக்கும், கடைசிப் பாட்டு மன்னிக்காது.

முதலில் அழுத்தம். ஆர்மின் எண் வளையத்தை நம்பாதீர்கள், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். தராசின் தட்டு ரெக்கார்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும், மேலே இருந்தால் எடை மாறும். 2.0 கிராம் வையுங்கள். தட்டு தேயுமே என்று 1.5-க்கு இறக்குகிறவர்கள் உண்டு. அது தலைகீழ்: லேசான ஊசி தடத்தைப் பிடிக்காமல் துள்ளி, சுவரைக் கொத்தும்.

அடுத்து கோணம். கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் பேர்வால்ட் அளவுகோல் தாள் ஒன்றை அச்சிடுங்கள். தட்டின் நடு அச்சான ஸ்பிண்டிலிலிருந்து 66.0, 120.9 மில்லிமீட்டரில் இரண்டு புள்ளிகள் இருக்கும். பிரின்டர் தாளுக்குப் பொருத்தச் சுருக்கியிருக்கலாம், ஆகவே ஸ்கேலால் அளந்து பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். இரண்டு புள்ளிகளிலும் ஊசி உட்கார்ந்து, மேலிருந்து பார்த்தால் ஊசித் தண்டு கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் பெட்டியைப் பார்க்காதீர்கள், தண்டைப் பாருங்கள். சிலவற்றில் தண்டே பெட்டிக்குச் சற்றுக் கோணலாக இருக்கும்.

பிறகு ஆன்டி ஸ்கேட்டிங் (ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை எதிர்க்கும் அமைப்பு), 2.0-லேயே தொடங்குங்கள். சிதறல் வலது பக்கம் அதிகம் என்றால் கூட்டுங்கள். ஆர்ம் உள்பக்கம் இழுக்கப்படும்போது வெளிச் சுவரில் அழுத்தம் குறைகிறது, வலது சேனல் எழுதியிருப்பது அந்தச் சுவரில்தான்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு, அதிகம் ஓடாத ஒரு தட்டின் கடைசிப் பாட்டைப் போடுங்கள். அது சுத்தமாக வந்து பழைய தட்டு மட்டும் சிதறினால், அந்தத் தடம் முந்தைய கைகளில் தேய்ந்துபோனது, எந்தச் சரிசெய்தலும் திருப்பித் தராது. கூம்பு முனையிலிருந்து நீள்வட்ட முனைக்கு மாறினால் சுவரில் வேறு உயரத்தில் தொட்டுக் கொஞ்சம் தப்பலாம், உறுதி இல்லை.

மாடிவீடு:
அருமை சார். பின்களைத் துடைத்ததும் பச்சை 1.6 ஓம். ஐசொலேட்டரும் மாட்டியாயிற்று. இரைச்சல் போயே போச்சு, தம்புரா நேர்கோடாக நிற்கிறது. அழுத்தம் 1.4-ல் இருந்திருக்கிறது, அதை 2.0 ஆக்கியதிலேயே முக்கால்வாசிச் சிதறல் அடங்கிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு பழைய சினிமா எல்.பி.யில் மட்டும்.

ஒரு சின்ன கேள்வி. வீட்டில் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் சில பழைய 78 தட்டுகளும் இருக்கின்றன. இதே ஊசியில் ஓட்டலாமா?

ஊசிமுனை:
கூடாது தம்பி. 78-க்கு முனை 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எல்.பி.க்கு 0.7 மில். சின்ன ஊசி தடத்தின் அடியில் புழுதியில் உருளும், தட்டும் கெடும், ஊசியும் கெடும். உங்கள் கார்ட்ரிட்ஜுக்கே 78 ஊசி தனியாகக் கிடைக்கிறதா பாருங்கள். இன்னொன்று, அந்தத் தட்டுகளை ஆல்கஹால் கலந்த நீரால் துடைக்காதீர்கள், அது அந்தத் தட்டின் அரக்கைக் கரைத்துவிடும்.

ஐந்துகட்டை:
தம்புரா நேராகிவிட்டதால் வேகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேகம் பார்க்கும் கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் தாளை இணையத்திலிருந்து இறக்கும்போது 180 கோடு உள்ளதா என்று எண்ணிக்கொள்ளுங்கள், நமது 50 ஹெர்ட்ஸுக்கு 33⅓-ல் அதுதான் கணக்கு. இணையத்தில் கிடைப்பவற்றில் 216 கோடு கொண்டவை 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானவை. அதை வைத்துப் பார்த்தால் சரியான வேகமும் தவறாகத் தெரியும். பழைய குண்டு பல்பு அல்லது டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள், பல எல்.இ.டி. விளக்குகளில் கோடுகள் நிற்கவே நிற்காது.