கொல்லையில் அவிழ்த்துவிட்டால் போதுமா, நாயை நடத்திக் கூட்டிப்போகணுமா?

அரசலாறு கேட்டது:

வணக்கம். கும்பகோணம் பக்கம். வாசலில் ஆரம்பித்துப் பின்தெரு வரை போகிற நீள மனை. கொல்லை மட்டும் 22 அடி அகலம், 70 அடி நீளம், சுற்றிலும் ஐந்தடி மதில். லாப்ரடார், ஆண், 14 மாதம், எடை 38 கிலோ. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் கொல்லையில் அவிழ்த்துவிடுகிறோம். மற்ற நேரம் தாழ்வாரத்தில் சங்கிலி.

வாழைக் கட்டையைச் சுற்றிப் பள்ளம் பறிக்கிறது. பின்தெருவில் யார் போனாலும் மதிலோடு ஓடி ஓடிக் குரைக்கிறது. வால் அடியில் கடித்துக் கடித்து முடி கொட்டிவிட்டது. வெளியே நடத்தினால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "இவ்வளவு பெரிய கொல்லை இருக்கு, தெருவுல எதுக்கு? தெரு நாய் மேல விழுந்தா என்ன பண்ணுவ?" என்கிறார். அந்தப் பயமும் நியாயமாகத்தான் படுகிறது. எவ்வளவு நேரம், எந்த வழி, எந்தப் பொழுது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடமுருட்டி:

நாளைக் காலை கொல்லைக் கதவைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்து பாருங்கள். முதல் ஐந்து நிமிஷம் மதிலோரம் மோந்துகொண்டே ஒரு சுற்று வரும், இரண்டு இடத்தில் கால் தூக்கும், வெளிக்குப் போகும். அப்புறம் துவைக்கிற கல்லின் நிழலில் படுத்துவிடும். ஒரு மணி நேரம் அவிழ்த்துவிட்டோம் என்று நாம் கணக்கு வைக்கிறோம். அது நடந்தது ஐந்து நிமிஷம்தான். நேற்று மோந்த அதே மண், அதே மதில். புதுசாக ஒன்றும் இல்லாத இடத்தில் நாய் எதற்கு நடக்கும்? மதிலோடு ஓடிக் குரைப்பதை ஓட்டம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். அது பதற்றம். ஓட ஓட அதிகமாகும், அசதி தராது.

38 கிலோ அந்த வயதுக்குக் கொஞ்சம் கூடுதல். வளர்ந்த ஆண் லாப்ரடாருக்கே 29 முதல் 36 கிலோதான் கணக்கு. விலாவில் விரலை ஓட்டிப் பாருங்கள். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுமோ, விலாவும் அப்படித் தட்டுப்படணும். அழுத்தித் தேடினால்தான் கிடைக்கிறது என்றால் சோற்றைக் குறைக்கணும்.

நடையை முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் 15 நிமிஷம் வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல 30, 40 நிமிஷத்துக்குக் கொண்டுபோங்கள். மோந்து பார்க்க விடுங்கள். ஒரு மின்கம்பத்தடியில் ஒரு நிமிஷம் நின்றாலும் இழுக்காதீர்கள். மூக்குக்குக் கிடைக்கிற வேலைதான் நாயை அசத்தும், வேகநடை அல்ல.

சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போகவே கூடாது. கை கிழியும், அதன் கழுத்திலும் பாரம். ஆறடி நாடாக் கயிறு, முக்கால் அங்குல அகலம். கழுத்துப்பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையணும். இழுக்கிற நாய்க்கு நெஞ்சுப் பக்கம் வளையம் வைத்த மார்புப் பட்டை நல்லது. கடையில் 'ஹார்னஸ்' என்று கேளுங்கள். முதுகில் மட்டும் வளையம் உள்ளதை வாங்கினால் வண்டி மாடு மாதிரி இன்னும் வாகாக இழுக்கும். இழுத்த நொடியே நின்றுவிடணும், கயிறு தளர்ந்தால் மட்டும் அடி எடுத்து வைக்கணும். தளர்ந்த ஒவ்வொரு தடவையும் கொண்டைக்கடலை அளவு வேகவைத்த ஈரலோ முட்டையோ கொடுங்கள். ஒரு நாள் நின்று மறுநாள் இழுத்த இழுப்புக்குப் போனால் பழக்கம் வராது. முதல் நாலு நாள் இதையெல்லாம் கொல்லையிலேயே பழக்குங்கள், தெருவுக்கு அப்புறம் போகலாம்.

அடுத்தது வெயில். நாய்க்கு உடம்பில் வேர்ப்பது கிடையாது, பாதத்தடியில் கொஞ்சம்தான். நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை இறக்கும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் இளைப்பும் வேலை செய்யாது. வாய்க்காலும் வயலும் சூழ்ந்த நம் ஊரில் அந்தப் புழுக்கம்தான் ஆபத்து. சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்குள் வீடு திரும்பிவிடணும். சாயங்காலம் ஏழுக்கு மேல்தான். பொழுது இறங்கினாலும் தார் ரோடு உடனே ஆறாது. புறங்கையை ஏழு விநாடி ரோட்டில் வைத்துப் பாருங்கள், நம்மால் முடியவில்லை என்றால் அதற்கும் முடியாது.

நாயின் இயல்பான சூடு 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே மோசம். இளைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு செங்கல் நிறத்துக்கு வந்து, நடை தள்ளாடினால் அங்கேயே குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். நனைத்து ஆற்றிக்கொண்டே டாக்டரிடம் போகணும். ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கிற நாய்க்குத் தேவையான நடமாட்டம் கொடுக்காமல் விடுவது 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் வதை என்றே சொல்லியிருக்கிறது.

வெண்ணாறு:

நடை வேணும்தான். ஆனால் இங்கே எந்த வழியில் நடத்துகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. வயல் வரப்பை முதல் நாளே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

குறுவையானாலும் சம்பாவானாலும் எலிக்கு மருந்து வைக்காத வரப்பு அபூர்வம். பெரும்பாலும் ஜிங்க் பாஸ்பைடு. எலி வளை வாயில் ஒரு பூவரச இலையில் கருஞ்சாம்பல் படிந்த பொரியோ குருணை அரிசியோ, எண்ணெய் மினுமினுப்போடு, ஒரு கைப்பிடிகூட இருக்காது. அந்த எண்ணெய் வாசத்துக்கு லாப்ரடார் நிற்காது, ஒரே நக்கு. செத்த எலியைத் தின்றாலும் இதே கதிதான். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பும். பூண்டு நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ அடிக்கும், வாந்தி, வயிறு உப்பல், வலிப்பு. பாலோ சோறோ கொடுத்து முறிக்கப் பார்க்காதீர்கள். சோறு உள்ளே போனால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். வாந்திக்கு மேல் குனிந்து மோந்து பார்க்காதீர்கள், அந்த வாயு நமக்கும் விஷம். உடனே டாக்டரிடம் போங்கள். ஆட்டோவில் போனால் திரையைத் தூக்கிக் கட்டுங்கள், காரில் எல்லாக் கண்ணாடியையும் இறக்குங்கள்.

குருணை மருந்து போட்ட வயல், மருந்து அடித்த வயல் இரண்டின் தண்ணீரும் அப்படித்தான். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை என்றால் எச்சில் ஒழுகும், கண்ணில் நீர், தசை துடிப்பு, கண்மணி சுருங்கிப்போகும். அதற்கு அட்ரோபின் ஊசி உண்டு. சீக்கிரம் போட்டால் பிழைக்கும். மருந்துப் பாக்கெட் கிடைத்தால் கையோடு கொண்டுபோங்கள்.

நடக்க நல்ல இடம் ஆற்றங்கரைச் சாலை. ஆற்றில் தண்ணீர் இல்லாத மாசி முதல் வைகாசி வரை உள்ளே மணலிலும் இறங்கலாம், விடிகாலையில் மட்டும். பாட்டில் ஓடு பார்த்து நடக்கணும். 30 அடி நீளக் கயிறு போட்டால் மணலில் நன்றாக ஓடும். மேட்டூரைத் திறந்து (வழக்கமாக ஜூன் 12) தண்ணீர் வந்துவிட்டால் ஷட்டர் பக்கமே போகாதீர்கள். லாப்ரடார் தண்ணீரைக் கண்டால் குதிக்கும். மதகின் இழுப்பில் மாட்டினால் மனுஷனாலேயே மீட்க முடியாது.

இருட்டினால் டார்ச் கட்டாயம், கயிறு ஆறடிக்கு மேல் விடக்கூடாது. பாம்பு கடித்தால் கீறுவது, கட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மனுஷனுக்குப் போடுகிற விஷமுறிவு மருந்தேதான் நாய்க்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்தது. எங்கே இருப்பு இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

தெரு நாய் விஷயத்தில் அப்பா சொல்வது சரி. முதலில் நாய் இல்லாமல் நீங்கள் மட்டும் இரண்டு நாள் அந்த வழியில் நடந்து, எந்தக் கூட்டம் எந்த முக்கில் படுக்கிறது என்று பாருங்கள். கறிக்கடை, குப்பைத்தொட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை, இவற்றைத் தவிர்த்தாலே பாதிச் சண்டை இல்லை. மறித்தால் ஓடாதீர்கள். உங்கள் நாயைப் பின்னால் தள்ளி, நடுவில் நீங்கள் நின்று, கம்பைத் தரையில் தட்டிக்கொண்டே வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். ஒரு கைப்பிடி பிஸ்கட்டை அவற்றுக்குப் பின்னால் விழும்படி வீசினால் திரும்பிப் போகும். முன்னால் போட்டால் உங்கள் காலடிக்கே வரும். கடி பட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவணும். வருஷத் தடுப்பூசி போட்ட நாய்க்கும் கடிக்குப் பிறகு மறுபடி ஊசி உண்டு. உங்கள் மேல் பல் பட்டிருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம்.

கொள்ளிடக்கரை:

வால் அடி முடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது நடையால் தீராது. முதுகின் கடைசியிலும் வால் அடியிலும் கடித்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது தெள்ளு. பேன்சீப்பால் அந்த இடத்தைச் சீவி, விழுகிற கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். தூளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, ரத்தம் செரித்தது. கசியாவிட்டால் வெறும் மண். தெள்ளு என்றால் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. முட்டையும் புழுவும் படுக்கைச் சாக்கிலும் தாழ்வாரத்து விரிசலிலும்தான் கிடக்கும். சாக்கை வெந்நீரில் அலசி, விடாமல் மூன்று மாதம் மருந்து போடணும்.

உண்ணியையும் மாட்டுக் கொட்டகைமேல் பழி போடுவார்கள். நாயிடம் வருவது பெரும்பாலும் வேறு ஜாதி, நாயைத்தான் தேடும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் விரிசலில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால் தரையைக் கழுவினால் போதாது, மூன்றடி உயரம் வரை விரிசலைப் பூசுங்கள்.

எலிக்காய்ச்சல் தடுப்பூசி சேர்ந்த கலவை ஊசி வருஷா வருஷம் போடுங்கள், டெல்டாவில் அது விலக்கில்லை. எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரை நாய் நக்கினால் நோய் வீட்டு மனுஷர் வரைக்கும் வரும்.

கொல்லையை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். தடுப்பூசி முடியாத குட்டி, மூட்டு வலி கண்ட கிழ நாய், பருவத்துக்கு வந்த பெட்டை (மூன்று வாரம்), ஐப்பசி அடைமழை, இதற்கெல்லாம் கொல்லைதான். ஆனால் வேலை கொடுங்கள். பள்ளம் பறிக்கிற நாயைத் தடுக்காமல் ஒரு மூலையில் நாலடிக்கு நாலடி, ஓரடி ஆழத்தில் ஆற்று மணல் கொட்டி, உணவுத் துண்டுகளை அதில் புதையுங்கள். வாழைக் கட்டைக்கு ஓலைத் தட்டி அடையுங்கள். அரளிச் செடி இருந்தால் பிடுங்கிவிடுங்கள், இலை தண்டு எல்லாம் விஷம். தென்னை மட்டை, விறகுக் குவியல் தரையில் கிடக்கக் கூடாது, எலி வரும், பின்னால் பாம்பு வரும்.

சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: அந்த நாய்களின் தலை கழுத்தைவிட ஒல்லி, சாதாரணப் பட்டை பின்பக்கம் உருவிக்கொண்டு வந்துவிடும். அகலப் பட்டை, இழுத்தால் கொஞ்சம் இறுகுகிற மாதிரி. முயலைக் கண்டால் கூப்பிட்டாலும் திரும்பாது. அதனால் வெளியில் அவிழ்த்துவிடவே கூடாது.

அரசலாறு:

மூவருக்கும் நன்றி. தாளில் தட்டிப் பார்த்தேன், சிவப்பாகக் கசிந்தது. நாளை டாக்டரிடம் போகிறோம். வேலைக்குப் போகிறவன், காலையில் மட்டும்தான் என்னால் நடத்த முடியும். சாயங்காலம் அப்பா மட்டும்தான் வீட்டில், வயது 66. மதிலோரக் குரைப்புக்கு என்ன செய்வது?

குடமுருட்டி:

காலை நடையை 40 நிமிஷம் ஆக்கிவிடுங்கள். சாயங்காலம் அப்பா தெருவுக்குக் கூட்டிப்போகவே வேண்டாம், 38 கிலோ ஒரு இழுப்பு இழுத்தால் விழுந்துவிடுவார். ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை எடுத்துக் கொல்லையில் தேங்காய் மட்டைக்கு அடியிலும் மணல் குழியிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஒளித்து வைக்கச் சொல்லுங்கள், நாய் தேடட்டும். கூடுதலாகப் போடாதீர்கள், பாதியை மாற்றிக் கொடுப்பதுதான்.

குரைப்புக்கு: கொல்லைக் கதவின் இடுக்கில் ஆள் கால் தெரிகிறதா பாருங்கள், அதை முதலில் தகடு வைத்து அடையுங்கள். மதிலோரம் பாதை பதிந்திருக்கும் இடத்தில், மதிலுக்கு மூன்றடி உள்ளே தள்ளி, நாலடி உயரக் கீற்றுத் தட்டி நடுங்கள். ஓடுகிற தடம் அறுந்தால் பழக்கமும் தளரும். பின்தெருவில் பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற நேரத்தில் அவிழ்த்துவிடாமல், அரை மணி முன்போ பின்போ மாற்றுங்கள்.

நீங்கள் நடத்தும்போதும் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மீதியை மடித்து உள்ளங்கையில் பிடியுங்கள். மழைக்காலத்தில் திரும்பி வந்ததும் விரல் இடுக்குக் களிமண்ணைக் கழுவித் துடைத்துக் காயவிடணும். காய்ந்து உருண்டையானால் கல் மாதிரி குத்தும், ஈரமாக விட்டால் சேற்றுப்புண்.