மனித உரிமை வகுப்புக்குத் தமிழில் பயிற்சிகள் வேண்டும்

ஆசிரிய நண்பர்களே, அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். டிசம்பர் 10 மனித உரிமை நாள், உறுதிமொழி வாசிப்பதோடு இந்த வருடமும் முடிந்துவிடக் கூடாது.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது என்று போன வாரம் சொன்னேன். "அப்போ சாதியைச் சொல்லித் திட்டினா, டீச்சர்?" என்று கேட்டான் ஒரு பையன். அதுவும் தப்புதான், புகார் சொல்லலாம் என்று சொல்லி, குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். அது மட்டும் போதாது. யாரிடம், எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் நடித்துப் பேசிப் பழக வேண்டும். அப்படிப்பட்ட பயிற்சிகள் யாரிடமாவது இருக்கிறதா?

அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அவர்களை இதில் எப்படி ஈடுபடுத்தினீர்கள்? விரிவாக எழுதுங்கள், ப்ளீஸ்.