புதுப்பிப்பு: டார்ச் லைட்டை மின்சிகரெட்டாக மாற்றும் முயற்சி என்ன ஆயிற்று

பழைய ரீசார்ஜ் டார்ச் லைட்டை மின்சிகரெட்டாக மாற்ற முயன்றபோது, திரவத்தை ஆவியாக்கும் கம்பிச் சுருள் ஏன் சூடாகவில்லை என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

சுருளின் மின்தடையை முதலில் அளக்கச் சொன்ன நண்பரின் யோசனைதான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. மல்டிமீட்டர் 0.6 ஓம் காட்டியது; முழு சார்ஜில் 4.2 வோல்ட் தரும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்லிலிருந்து அது 7 ஆம்பியர் வரை இழுக்கும், ஆனால் சார்ஜிங் போர்டில் உள்ள பாதுகாப்புச் சுற்று ஏறக்குறைய 3 ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. போர்டைத் தவிர்த்து நேரடியாக இணைத்துப் பார்த்தது என் மடமை: சில நொடிகளில் வயரின் உறை இளகி விரலில் ஒட்டிக்கொண்டது. லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்த பழைய செல் அந்த அளவு மின்னோட்டத்திற்கானது அல்ல.

எதிர்பாராதது, இன்னொருவர் சுட்டிக்காட்டிய 2019ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டம். விற்பது மட்டுமன்றி, தயாரிப்பதும் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மத்தியச் சட்டம் என்பதால், கடலூரைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போனாலும் (எனக்கு அப்படியொரு நினைப்பு இருந்தது) இதே நிலைதான்.

சுருளைக் கழற்றிவிட்டு, அதே செல்லுடனும் போர்டுடனும் 1 வாட் எல்இடி ஒன்றை மின்தடையோடு பொருத்தினேன். கடலூர் முதுநகரில் கரண்ட் போன இரவில் அது ஆறு மணி நேரம் எரிந்தது.