கீழ வீதிக் குடும்பம்: அக்கா கல்யாண வரவேற்புக்கு யார் வாசிப்பது?

சின்ன மாமா: வரவேற்புக்கு டிஜேவுக்குச் சொல்லிவிடட்டுமா? வாசலில் செண்டை மேளம். இப்போது சிதம்பரத்தில் பாதி மண்டபங்களில் அதுதான்.

அக்கா: முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம் உண்டுதானே மாமா?

சின்ன மாமா: அது இல்லாமலா? நான் சொல்வது மாலைக்கு.

நான்: மாலைக்கு நம் ஊர்க்காரர்களையே வைக்கலாம் மாமா. பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசிக்கிறவர் ஒருவர் இருக்கிறார், பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. அவரோடு அண்ணாமலை நகரில் இசை படிக்கிற பிள்ளைகள், ஒரு தவில், ஒரு கீபோர்டு. விடுதிப் பையன்கள் ஏற்பாட்டில் போன மாதம் அவர்கள் வாசித்ததைக் கேட்டேன். ஜாஸ் என்கிற அமெரிக்க இசைக்காரர்கள் மாதிரி ஒருவர் ஒரு சங்கதியை எடுத்துவிட, அடுத்தவர் அதைப் பிடித்து வேறு பக்கம் கொண்டுபோகிறார். அரை மணி நேரம் ஒரே மோகன ராகம், யாரும் எழுந்திருக்கவில்லை.

திருச்சி அத்தை: கல்யாணத்தில் ஜாஸா? பெரியவர்கள் பந்திக்கு எழுந்து போய்விடுவார்கள்டா.

பெரியப்பா: ஏன் போகிறார்கள்? கிளாரினெட்டும் வெள்ளைக்காரன் வாத்தியம்தான். தஞ்சாவூர்ப் பக்கம் சதிர்க் கச்சேரியில், அதாவது அந்தக் கால பரதநாட்டியத்தில், நுழைந்து நம்முடையதாகிவிட்டது. உன் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதை வைத்துத்தானே 2008ல் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கினார், 2022ல் பத்மஸ்ரீ! சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கதிரி கோபால்நாத் மங்களூர்ப் பக்கத்துக்காரர். 1980ல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டி என்ற அமெரிக்க சாக்ஸ் கலைஞரோடு வாசித்தார்.

நான்: எதிர்ப்பக்கமும் உண்டு பெரியப்பா. பாஸ்டனில் பிறந்த சார்லி மரியானோ பெரிய ஜாஸ் சாக்ஸ் கலைஞர். அவர் இந்தியா வந்து நாதஸ்வரம் கற்று, இசைத்தட்டிலும் வாசித்திருக்கிறார்.

அக்கா: நிஜமாகவா! சாக்ஸுக்கும் நாதஸ்வரத்தில் ஊதுகிற சீவாளிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

நான்: இரண்டும் நாணல் வகைதான் அக்கா. சாக்ஸில் ஒரே பட்டை. திருவாவடுதுறைச் சீவாளியில் இரட்டை நாக்கு. அன்றைக்கு சாக்ஸ்காரர் பேச்சு நடுவிலும் அந்தப் பட்டையை வாயிலேயே வைத்து ஊறவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தவில் பெண் விரலுக்குக் கூடு மாட்டிக்கொண்டிருந்தாள். ஆமாம், தவில் வாசிப்பது பெண்.

திருச்சி அத்தை: பெண்ணா! சபாஷ்.

சின்ன மாமா: எல்லாம் சரி. ஆனால் கூட்டத்துக்குப் பிடிக்க வேண்டுமே? டிஜே வந்த பிறகு இவர்களை யார் கேட்கிறார்கள்?

பெரியப்பா: டிஜே மேல் மட்டும் பழி போடாதே தம்பி. நேரத்தை வெட்டியது நாம்தான். முன்பு மாப்பிள்ளை அழைப்பு நாலு வீதியும் சுற்றி வரும். நாயனக்காரர் ஒரு முக்கில் நின்று ஆலாபனை செய்தால் ஊர்வலமே நிற்கும். இப்போது வாசலில் பத்து நிமிடம், அதிலும் போட்டோ. ராகத்தை எடுப்பதற்குள் “போதும், உள்ளே வாங்க” என்கிறோம். அப்புறம் கீபோர்டு வந்தது. ஐந்து பேர் வாசித்ததை ஒருவரே வாசிக்கிறார், செலவு குறைச்சல். பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தவர்கள் ஆட்டோ ஓட்டப் போய்விட்டார்கள். 1929ல் இங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. 1941ல் தமிழிசை மாநாடு நடந்ததும் இங்கேதான். பாடகர் தண்டபாணி தேசிகர் இசைப் பாடம் சொன்ன ஊர். இத்தனை பிள்ளைகள் படித்து வெளியே வருகிறார்கள், வாசிக்க ஒரு மேடை வேண்டாமா? எனக்கு இது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சின்ன மாமா: நீங்கள் இப்படிச் சொன்னால் மறுக்க முடியுமா அத்தான்.

அக்கா: கல்யாணப் பெண் ஓட்டு சாக்ஸுக்கு. ஆனால் பின்னணி இசையாக வேண்டாம். ஏழிலிருந்து எட்டு வரை மேடை அவர்களுக்கு. நாங்களும் கீழே உட்கார்ந்து கேட்கிறோம், பரிசு கொடுப்பவர்கள் அப்புறம் வரட்டும்.

திருச்சி அத்தை: தோடி ராகம் வாசிப்பார்களா? அதைக் கேளுங்கள் முதலில்.

நான்: வாசிப்பார்கள் அத்தை. ஆனால் மண்டபத்து ஒலிபெருக்கியில் சாக்ஸ் கத்தும். தவிலுக்குத் தனி மைக் வேண்டும் என்றார்கள்.

அம்மா: பேசும்போதே தொகையைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கச்சேரி முடிந்ததும் கையில் கொடுத்துவிட வேண்டும், நாளைக்கு வா என்று அலையவிடக் கூடாது. எட்டு மணிக்கு அவர்களுக்குத்தான் முதல் இலை.

சின்ன மாமா: சரி அக்கா. செண்டைக்கு இன்னும் முன்பணம் தரவில்லை, விட்டுவிடுகிறேன். தம்பி, ஜெராக்ஸ் கடை எங்கே? சாயங்காலம் போய்ப் பேசிவிட்டு வருவோம்.